கிறுக்கல்னு சொல்றவங்களுக்கு

"பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்துல இருக்கிற படமெல்லாம் ஸ்கூல் பையன் நோட்டுல கடைசிப் பக்கத்துல கிறுக்கின மாதிரி இருக்குப்பா."

இந்த டயலாக்கை இந்த மாசம் மட்டும் மூணு பேர் சொல்லிக் கேட்டாச்சு. மூணாவது ஆள்கிட்ட சொல்ல வந்ததை முழுங்கிட்டேன். அஜீரணம் ஆகிடுச்சு. அதான் இந்தப் பதிவு :-)

தெரியாத மக்களுக்காக ரெண்டு வரி. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தர் "இருட்டான குகை, உள்ளே தண்ணி சொட்டுற சத்தம்"னு சொல்லுவார். மத்தவங்க "நான் பந்தத்தை உசத்திப் பார்க்கிறேன்" என்பார்கள். பகடை உருட்டுவார்கள். இதுதான் ஆட்டம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974ல் கொண்டுவந்தது. எல்லாமே மண்டைக்குள்ளே நடக்கிற ஆட்டம். அதனால புத்தகத்துல இருக்கிற படம் வெறும் அலங்காரம் கிடையாது. எதை, எப்படிக் கற்பனை செய்யணும்னு ஆடுறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் அது.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

1978ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அட்டையை எடுத்துக்கோங்க. வரைஞ்சவர் டேவிட் டிராம்பியர். ஒரு பிரம்மாண்டமான சிலை. அதன் கண்ணில் இருக்கிற ரத்தினத்தை ரெண்டு திருடனுங்க நெம்பிக்கிட்டு இருக்கானுங்க. கீழே ஒருத்தன் கத்தியைத் துடைக்கிறான். செத்த பல்லி மனுஷங்களை இழுத்துப் போடுறாங்க. சிலர் வரைபடத்தை வெச்சுக்கிட்டு அடுத்து எங்கே போகலாம்னு பேசிக்கிட்டு இருக்காங்க. சண்டை முடிஞ்சு போச்சு! யாரும் நம்மைப் பார்த்து போஸ் கொடுக்கலை. பார்க்கிறவன் மனசுல உடனே கேள்வி வரும். அந்தக் கல்லைப் பேர்த்தா என்ன ஆகும்? சிலை எழுந்துக்குமா?

அடுத்து 2014ல் வந்த அதே புத்தகத்தின் அட்டை. டைலர் ஜேக்கப்சன் வரைஞ்சது. பெரிய நெருப்பு ராட்சசன், அவன் மேல பாயுற ஒரு பெண். ஒளி, நிழல், தசை எல்லாம் பக்கா. கையைக் கும்பிடத் தோணும். ஆனா எனக்கு அதுல கேள்வியே வரலை. இன்னும் நாலு நொடியில என்ன நடக்கும்னு படமே சொல்லிடுது. நான் ஆட வேண்டிய ஆட்டத்தை அதுவே ஆடி முடிச்சிடுது.

என் வாதம் இவ்வளவுதான். நல்ல ஆட்டப் படம் கேள்வி கேட்கணும், பதில் சொல்லக் கூடாது.

"சும்மா அடிச்சு விடாதேடா" என்பவர்களுக்கு ஒரு ஆதாரம். டூம் ஆஃப் ஹாரர்ஸ்னு ஒரு சாகசம், 1978ல் புத்தகமா வந்தது. கூடவே, ஆடுறவங்க கண்ணுல காட்டுறதுக்குன்னே கறுப்பு வெள்ளைப் படங்கள் வெச்ச ஒரு பகுதி. அதுல ஒரு படம், சுவரில் வாயைப் பிளந்துகிட்டு இருக்கிற பிசாசு முகம். வாய்க்குள்ளே வெறும் கறுப்பு மசி. உள்ளே நுழைஞ்சா ஆள் காலி. பக்காவா நிழல் போட்டு, ஆழம் காட்டி வரைஞ்சிருந்தா அந்தக் கறுப்புக்கு இந்த பயம் வந்திருக்குமா? வரைபவர் விட்டு வெச்ச இடத்துலதான் ஆடுறவன் சாகிறான் :-)

சரி, எதிர்த்தரப்புக்கும் நியாயமா இருப்போம். 1974 புத்தகத்துப் படங்கள்ல சிலது மார்வெல் காமிக்ஸைப் பார்த்து நகலெடுத்தவை. அதையும் மகா கலைன்னு நான் ஜல்லியடிக்கப் போறதில்லை. 1983 சிவப்புப் பெட்டியில லேரி எல்மோர் வரைஞ்ச டிராகன், எத்தனை பேரை இந்த ஆட்டத்துக்குள்ளே இழுத்துச்சுன்னு ஊருக்கே தெரியும். அந்த வீரன் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான், கவனிச்சீங்களா? முகம் தெரியாததால அவன் இடத்துல நாம போய் நிக்கலாம். ஆக ஆயில் பெயிண்டிங்குக்கு நான் எதிரி இல்லை. இன்னொண்ணு, பழைய படங்கள்ல பெண்களுக்குப் பாதி நேரம் உடுத்தத் துணியே இருக்காது. 2014 புத்தகத்துல மனித இனத்துக்கு உதாரணமா ஒரு கறுப்பினப் பெண் வீராங்கனையைப் போட்டாங்க. அது முன்னேற்றம்தான். ஆனா யாரை வரையணும்கிறது வேற, எப்படி வரையணும்கிறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

"அவரவர் ரசனைப்பா, விட்டுடு"ன்னு சமரசம் பேச வர்ற அண்ணாச்சிகளே, கொஞ்சம் நில்லுங்க. விடத்தான் முடியலை. ஏன்னா பளபளப்புதான் தரம்னு நாமளே பழக்கிட்டோம்னா, அதை யார் சுலபமா தயாரிப்பாங்க? மெஷின்! 2023ல் பிக்பி பிரசன்ட்ஸ்: குளோரி ஆஃப் தி ஜயன்ட்ஸ் புத்தகத்துல சில படங்களுக்கு செயற்கை நுண்ணறிவு உதவியது தெரிய வந்து, பெரிய ரகளை ஆச்சு. வெளியிட்ட விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், ஓவியர்களுக்கான விதிகளையே மாத்துறோம்னு அறிவிச்சாங்க. எல்லாப் படமும் ஒரே வழவழப்புல இருந்தா, மனுஷக் கை எங்கே, மெஷின் எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

டிராம்பியர் கோட்டைப் பார்த்தா அது டிராம்பியர்னு தெரியும். எரோல் ஓட்டஸ் படத்தைக் காய்ச்சல்ல கண்ட கனவுன்னு திட்டலாம், ஆனா வேற ஒருத்தர் வரைஞ்சதுன்னு சொல்லவே முடியாது. 2020ல் வந்த ஸ்வீடன்காரங்க ஆட்டம் மோர்க் போர்க்கைப் பாருங்க. மஞ்சளும் கறுப்பும் அப்பி, எழுத்து கண்டபடி ஓடும். அசிங்கம்னு சொல்றவங்க இருக்காங்க. சொல்லட்டும், யாரும் அதை மறக்கலையே.

அந்த டிராம்பியர் 1980களின் கடைசியில் துறையை விட்டே போய்ட்டார். பல வருஷம் கழிச்சு, இலினாய் மாநிலம் கார்பண்டேலில் டாக்ஸி ஓட்டிக்கிட்டு இருந்தது தெரிய வந்தது. 2014ல் இறந்துட்டார். அவர் அட்டையைப் பார்த்து இன்னிக்கும் ஆட்கள் "அந்தக் கல்லை எடுத்தா என்ன ஆகும்?"னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. கிறுக்கலாம்ல, கிறுக்கல்!

பி.கு: திட்டுறவங்க தாராளமா திட்டலாம். ஆனா உங்களுக்குப் பிடிச்ச ஒரு படத்தோட பேரைச் சொல்லி, அது உங்களை என்ன கேள்வி கேட்டுச்சுன்னும் சொல்லிட்டுத் திட்டுங்க.