பத்தின் அடுக்கு எங்கே போயிற்று?



ஒரு மோல் பொருளில் எத்தனை துகள்கள் உள்ளன? 6.022 × 10²³ என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அவகாட்ரோ எண் அல்லவா! அதே எண் உங்கள் பள்ளி ஆண்டு மலரில் 6.022 × 1023 என்று அச்சாகிவிட்டால்? பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 6,160 வரும். கோடானுகோடித் துகள்கள் சில ஆயிரங்களாகச் சுருங்கிவிட்டன! இலக்கம் ஒன்றுகூட மாறவில்லை. மேலே நிற்க வேண்டிய இரண்டு இலக்கங்கள் கீழே இறங்கிவிட்டன, அவ்வளவுதான்.

இது எப்படி நேர்கிறது? கட்டுரையை வேர்டு போன்ற சொற்செயலியில் தட்டச்சு செய்கிறோம். பக்கத்தை இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைக்கிறோம். 1985-ல் பேஜ்மேக்கர் வெளிவந்த காலத்திலிருந்தே இவை பெரும்பாலும் இரு வேறு மென்பொருள்களில் நடக்கும் வேலைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதுதான் விபத்து நேர்கிறது.

வேர்டு 2007 முதல் வழக்கில் உள்ள கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளை உள்ளடக்கிய ஒரு ஜிப் பொட்டலம். ஒரு பிரதி எடுத்து, பெயரின் இறுதியில் உள்ள கோப்பு வகையை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். கட்டுரையின் சொற்கள் ஒரு கோப்பில் இருக்கும். ‘இந்த எழுத்து மேலே நிற்க வேண்டும்’, ‘இந்தப் பத்தி தலைப்பு’ என்னும் குறிப்புகளும் அங்கேயே இருக்கும். தலைப்பின் அளவு என்ன, நிறம் என்ன என்னும் விவரங்கள் பாணிகளுக்கான தனிக் கோப்பில் இருக்கும். வெறும் எழுத்தாக நகலெடுத்தால் இந்தக் குறிப்புகள் யாவும் உதிர்ந்துவிடும். நாம் மேலே ஏற்றிய அடுக்கும் அவற்றோடு போய்விடும்.

“வடிவம் எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நாங்களே புதிதாக அமைத்துக்கொள்கிறோம்” என்பார்கள் பக்கம் அமைப்பவர்கள் பலர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாம் அனுப்பும் கோப்பில் தலைப்புக்கு ஐந்து வண்ணம். இடைவெளிக்கு வெற்று வரிகள். நடுவில் நிறுத்த இருபது வெற்றிடங்கள்! இவற்றைக் களைவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆயினும், எல்லாவற்றையும் நீக்குவது சரியான தீர்வு அன்று என்பதே என் கருத்து. களையோடு பயிரையும் பிடுங்கலாமா?

வடிவத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று அலங்காரம், மற்றொன்று பொருள். தலைப்பின் நிறம் அலங்காரம். அது தலைப்பு என்பது பொருள். H₂O-வில் உள்ள 2 கீழே நிற்பதும், உயிரினங்களின் அறிவியல் பெயர் சாய்ந்த எழுத்தில் இருப்பதும் பொருளே. அலங்காரம் போனால் பக்கத்தின் அழகு குறையும். பொருள் போனால் அறிவியலே பிழையாகிவிடும்.

ஆகவே எழுதுபவரின் வேலை, ஒவ்வொரு பகுதியும் என்ன என்று சொல்வது. தலைப்பைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போடாதீர்கள். ‘தலைப்பு 1’ என்னும் பாணியைக் கொடுங்கள். இன்டிசைனில் கோப்பைச் சேர்க்கும்போது, இறக்குமதி விருப்பங்களைத் திறந்து, வேர்டின் எந்தப் பாணி இங்கே எந்தப் பாணியாக மாற வேண்டும் என்று ஒருமுறை சொன்னால் போதும். அறுபது பக்கத் தலைப்புகளும் தாமே ஒழுங்காக அமரும். அடுக்குகளும் தம் இடத்தில் நிற்கும். கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளும் அந்தத் தலைப்புக் குறிப்பைக் கொண்டே ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. பெரிய எழுத்து அதற்குத் தலைப்பாகத் தெரியாது.

இந்தச் சிந்தனை புதிதன்று. 1969-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் இதே நோக்கில் ஒரு குறியீட்டு மொழியை உருவாக்கினர். அதன் வழியில் வந்த எஸ்.ஜி.எம்.எல். 1986-ல் பன்னாட்டுத் தரமாயிற்று.

ஒரு பக்க அறிவிப்புக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். தேவையில்லைதான்; கையாலேயே திருத்திவிடலாம். ஆனால் முப்பது பேர் எழுதும் ஆண்டு மலருக்கு அது நடவாது. அடுத்த மலருக்கு இரண்டு விதிகள் வகுத்துக்கொள்ளுங்கள்: எழுதுபவர் பாணிகளை மட்டுமே பயன்படுத்துவார், அச்சுக்குப் போகுமுன் ஒருவர் அடுக்குகளையும் வாய்பாடுகளையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சூத்திரத்தைப் புரிந்துகொண்டு படிக்கும் மாணவரே அந்த வேலைக்குத் தகுந்தவர். அவர் நீங்களாகவே இருக்கலாமே!