பெயரில்லாத பொத்தான்கள்

ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் வேலை செய்தேன். எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளைக் காதில் கேட்டபடி விசைப்பலகையிலேயே வேலையை முடித்துவிடுவேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கல் கரன் தொடங்கிய மென்பொருள் அது. அவருக்கும் பார்வை இல்லை. இன்றுவரை அது இலவசம்தான்.

சென்ற ஆண்டு அலுவலகத்துக்குப் புதிய கணக்கு மென்பொருள் வந்தது. எல்லாம் படங்கள், மிகவும் அழகு என்றார்கள் நண்பர்கள். என் காதில் விழுந்தது "பட்டன், பட்டன், பட்டன்" மட்டுமே. எது சேமிக்கும், எது அழிக்கும்? ஒருநாள் துணிந்து ஒன்றை அழுத்தினேன். காலையிலிருந்து பதிந்த கணக்கெல்லாம் போயிற்று. அடுத்த வாரம் என்னைத் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால், நான் கணக்கியல் படித்தது அதற்காகவா?

திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. இந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று மென்பொருளிடம் கேட்கிறது. நிரல் எழுதியவர் அந்தப் பொத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தால் "சேமி" என்று சொல்லும். பெயர் இல்லாவிட்டால் வெறும் "பட்டன்"தான். பெயர் கொடுக்கப் பெரும்பாலும் ஒரு வரி போதும். விற்ற பிறகு கேட்டால், "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்கிறார்கள். வரைபடங்கள், சுட்டியால் இழுத்து வைக்கும் வேலைகள் ஒரு வரியில் தீராது என்பது உண்மை. என் வேலையைப் பறித்தவை அவையல்ல.

பினாங்குக்கு நாங்கள் புதியவர்கள் அல்லர். மலாக்காவில் 1926இல் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1931இல் இங்கு வந்துவிட்டது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 30ஆவது பிரிவு, தகவல் தொழில்நுட்பத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை எங்களுக்குத் தருகிறது. ஆனால், அதை மீறுவோருக்கான தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் முதலாளிகளிடமோ அதிகாரிகளிடமோ அல்லாமல் உங்களிடம் பேசுகிறேன்.

பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் நிரலாக்கம் படிக்கும் தம்பி, தங்கைகளே! விரிவுரையாளர்கள் இதற்கும் புள்ளி வழங்க வேண்டும் என்பது என் கருத்து. வழங்காவிட்டாலும், இறுதியாண்டுத் திட்டத்தை ஒப்படைக்கும் முன் சுட்டியைக் கழற்றி வையுங்கள். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், விண்டோஸ், எண்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். திரையை அணைத்துவிட்டு, நீங்கள் உருவாக்கிய மென்பொருளில் ஒரே ஒரு ரசீது போட்டுப் பாருங்கள். எத்தனை முறை வெறும் "பட்டன்" என்று கேட்கிறது என எண்ணுங்கள்.