ஏற்றுமதி எறாவுக்கு சோதனை உண்டு, நம்ம எறாவுக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி கிழக்கே பழவேற்காடு ஏரிப் பக்கம் போனீங்கன்னா எறா குட்டைங்களைப் பார்க்கலாம். அந்த எறாவுல கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போகுது, கொஞ்சம் உங்க தட்டுக்கு வருது. ரெண்டையும் ஒரே மாதிரி சோதிக்கணும்ங்கறதுதான் என் கருத்து.

எறாவுக்கு நோய் வந்தா போட்ட முதல் மொத்தமும் போயிடும். அந்த பயத்துல சிலர் தீவனத்துல ஆன்டிபயாடிக் கலக்கறாங்க. வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால வர்றது. அதுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து பிரயோஜனமே இல்லை. குட்டையில இருக்கற பாக்டீரியாவுக்குத்தான் அது பழகிப்போகும்.

விவசாயிங்களுக்கு இது புரியும். புகையானுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா, சாகாம தப்பிச்ச பூச்சிதான் குஞ்சு பொரிக்கும். கொஞ்ச வருஷத்துல அந்த மருந்து வெறும் தண்ணி. கிருமியும் அப்படித்தான். ஒரு கிருமி தன் எதிர்ப்பு சக்தியை வேற கிருமிக்கும் கொடுத்துடும். நாளைக்கு நமக்கு காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில படுத்தா, டாக்டர் கொடுக்கற மருந்து கேட்காம போகலாம்.

சட்டம் இல்லாம இல்லை. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் மாதிரி மருந்தெல்லாம் எறா வளர்ப்புல தடை. ஐரோப்பாவுக்கு அனுப்பணும்னா அறுவடைக்கு முன்னாடியே குட்டை எறாவை லேப்ல சோதிச்சு சர்டிபிகேட் வாங்கணும். 2016-ல இருந்து அவங்க துறைமுகத்துல, நம்ம நாட்டுப் பண்ணை எறா லோடுல பாதியைத் திரும்ப சோதிக்கறாங்க. உங்க ஏரியா மார்க்கெட்டுக்கு வர்ற லோடுக்கு அப்படி ஒரு சீட்டு கட்டாயம் இல்லை.

2018-ல ஃபார்மலின் பயம் வந்தப்ப எல்லாரும் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஃபார்மலினைக் கண்டுபிடிக்க காகித பட்டையே வந்துடுச்சு. ஆன்டிபயாடிக்கை மோந்து பார்த்தோ, செவுள் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு லேப் வேணும்.

இதுக்காக மீன் சாப்பிடறதை விட்டுடாதீங்க. கடல் மீனுக்கு யாரும் மருந்து போடறதில்லை. ஆனா அழுக்கு ஐஸு, கழுவற தண்ணி, வெட்டற பலகை வழியா எந்த மீன்லயும் கிருமி ஒட்டும். நல்லா கொதிச்ச குழம்புல கிருமி சாகும். பச்சை மீன் தொட்ட கையோட, அதே கத்தியில வெங்காயம் அரியறதுதான் ஆபத்து. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, பலகையைத் தனியா வையுங்க. மருந்துக் கடையில சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் வாங்காதீங்க, கிருமி பழகறதுக்கு அதுவும் ஒரு வழி.

மத்தது அரசாங்கம் செய்யணும். பொன்னேரியிலயே மீன்வளக் கல்லூரி இருக்கு. அங்க உள்ளூர் எறாவுக்கும் அறுவடைக்கு முன்னாடி சோதனை வைக்கலாம். செலவை சின்ன பண்ணைக்காரன் தலையில கட்டக் கூடாது. எங்க ஊர்ல நாங்க கேட்டா யாரு காதுல விழும்? சென்னையில காசு கொடுத்து வாங்கற நீங்க கடைக்காரர்கிட்ட "இது எந்த குட்டை எறா, சோதிச்சதா?"ன்னு கேளுங்க. நாலு பேர் கேட்டா அவர் வியாபாரிகிட்ட கேட்பார், வியாபாரி பண்ணையில கேட்பார்.