இரும்பு விலைக்குப் போற லேத்

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றின பதிவு ஒண்டு மாதத்துக்கு ஒருக்காவாவது எங்கட முகநூல் பக்கங்களில் சுற்றி வரும். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள், சைக்கிள் டைனமோவில் பாடின ரேடியோ. கீழே வரிசையாக "தமிழன்ர மூளை" எண்டு எழுதியிருப்பினம். எழுதினவையில பாதிப்பேர் இப்ப கனடாவிலயோ லண்டனிலயோ இருப்பினம். அது குற்றமில்லை. ஆனா அந்த ரெண்டு சொல்லோட கதை முடிஞ்சுபோகுது பாருங்கோ, அதுதான் எங்களுக்குப் பிடிக்கேல்லை.

மண்ணெண்ணெயில் ஓடுற பெற்றோல் எஞ்சினுக்கு என்ன நடக்கும்? மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகி எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால வழிஞ்சு ஒயிலோட கலக்கும். ஒயில் தண்ணியாகும், ரிங் தேயும், புஸ் தேயும். 1990இல் தொடங்கின தடை, 2002 போர்நிறுத்தத்தோடதான் எடுபட்டது. எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் எண்டு எல்லாத்துக்கும் கட்டுப்பாடு இருந்த அத்தனை வருசமும் அந்த எஞ்சின்கள் ஓடினதெண்டால், பின்னால எங்கயோ ஒரு லேத்தும் ஓடியிருக்க வேணும். மோட்டார் சைக்கிளின்ர படம் இருக்கு. லேத்தின்ர படம் எங்க?

லேத் எண்டால் தெரியாதவைக்கு: இரும்பைச் சக்கில பிடிச்சுச் சுழலவிட்டு, கத்தியால சீவி உருவம் எடுக்கிற மெசின். கட்டில்காலுக்கு மரத்தில செய்யிற கடைசல் வேலைதான், இது இரும்பில.

பரந்தனுக்கு உள்பக்கமாக ஒரு வளவில, மாட்டுக்கொட்டிலை ஒட்டின பத்தியில, அப்படி ஒரு லேத் நிற்கிறது. இங்கிலாந்தில செய்தது. பெயர்த்தகடு தேய்ஞ்சு எழுத்து வாசிக்கேலாது. 2008இல் இடம்பெயரேக்க அதைத் தூக்கிக்கொண்டு போகேலாது எண்டு, ஐயா சக்கையும் பல்லுச்சில்லுகளையும் கழட்டிக் கிரீஸ் பூசிப் புதைச்சுப்போட்டுப் போனார். திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை. லேத்தின்ர உடம்பு கறள்பிடிச்சபடி நிண்டது. மூன்று பேஸ் மோட்டரைக் காணேல்லை. இப்ப தண்ணிப்பம்பு மோட்டர் ஒண்டால, பெல்ற் போட்டு, வீட்டுக் கரண்டில ஓட்டுறார். ஆழமாகக் கடிக்கவிட்டால் பெல்ற் வழுக்கும். "வழுக்கட்டும் பிள்ளை, பெல்ற் வழுக்கினால் பல்லு உடையாது" எண்டு சொல்றார்.

புதைச்சதில ஒரு சில்லுக்கு ரெண்டு பல்லுப் போயிருந்தது. புதுச் சில்லு வாங்க வழியில்லை. பல்லு இருந்த இடத்தை அராவி மட்டப்படுத்தி, துளைபோட்டு மரை வெட்டி, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று உருக்கு ஆணி வரிசையாக இறுக்கி, அதைச் சுற்றிப் பித்தளை வெல்டிங். பிறகு நல்ல பல்லொண்டின்ர உருவத்தைத் தகட்டில வெட்டி அளவாக வைச்சு, அரத்தாலேயே பல்லாக்கினார். ரெண்டு நாள் வேலை. கத்தியைக் குறுக்கால தள்ளுற நட் தேய்ஞ்சு, கைபிடியைக் கால் சுற்றுச் சுற்றினாப் பிறகுதான் கத்தி அசையும் எண்டிருந்தது. அதை ரெண்டாக அரிஞ்சு, ஒரு பாதியை மற்றதில இருந்து ஒரு துளி தள்ளி இறுக்கினார். ஒரு பாதி மரையின்ர ஒரு பக்கத்தைப் பிடிக்கும், மற்றது மறுபக்கத்தை. ஆட்டம் நிண்டுபோச்சு.

எங்களை உண்மையில வாய் பிளக்க வைச்சது மரைக் கணக்கு. லேத் அங்குலக் கணக்கில செய்தது. வயலில ஓடுற லான்ட்மாஸ்டர் ஜப்பான்காரன்ர, நட்டும் போல்ட்டும் மில்லிமீற்றர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஐந்தால பெருக்கினால் 127. அது பகா எண், சின்னச் சில்லுகளாகப் பிரிக்கேலாது. ஆகவே அங்குல லேத்தில மில்லிமீற்றர் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல்லுள்ள சில்லே வேணும். ஐயாவிட்ட அது இல்லை. 63 பல்லும் 80 பல்லும் இருக்கு. 127ஐ 100ஆல் பிரிச்சால் 1.27. 80ஐ 63ஆல் பிரிச்சால் 1.2698. 100 மில்லிமீற்றர் நீள மரையில வாற பிழை 0.0125 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின்ர தடிப்பிலும் குறைவு. நட்டுக்கு அது தெரியவே போறதில்லை.

இது தமிழன்ர மூளை இல்லை. உலகம் முழுக்கப் பழைய கடைசல்காரர் கைமாற்றி வைச்சிருக்கிற கணக்கு. பரந்தனில ஒருத்தர் ஆரிட்டையோ படிச்சு, உழைச்சு, கைக்குள்ள வைச்சிருக்கிறார். "மூளை" எண்டு சொல்லிவிட்டால் அது பிறப்பில வந்ததாகிப் போகும். பிறப்பில வந்ததை ஒருத்தரும் கேட்டு எழுதத் தேவையில்லை, படிக்கவும் தேவையில்லை. புகழ்ச்சி வேலைக்காரனை மறைக்கிறது இப்பிடித்தான்.

2009இற்குப் பிறகு வன்னியில பழைய இரும்பு வியாபாரம் பெருகினது எல்லாருக்கும் தெரியும். இன்னமும் ஒழுங்கைக்குள்ள லொறி வருது. ஐயாவின்ர லேத்தையும் விலை பேசிப்போட்டான்கள், கிலோக்கணக்கில. வெளிநாட்டில இருக்கிற பிள்ளைகள் "குடுத்துவிடுங்கோ அப்பா, இடமாவது மிஞ்சும்" எண்டு சொல்லுகினம். கிளிநொச்சியில சரிஞ்சு விழுந்த தண்ணித்தாங்கியைப் போர் முடிஞ்ச கையோட சுற்றுலாக்காரருக்குக் காட்சியாக வைச்சிருந்தவை. வெண்டவைக்கு விழுந்தது காட்சிப்பொருள். எங்கட ஆக்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது பழைய இரும்பு.

கியூபாவைப் பாருங்கோ. சோவியத் ஒன்றியம் உடைஞ்சு உதிரிப்பாகம் நிண்டுபோன நேரம், 1992இல், சனங்கள் நாடு முழுக்கச் செய்த ஒட்டுவேலைகளைத் திரட்டி "எங்கட சொந்த முயற்சியால்" எண்டு பொருள்படுற தலைப்பில அங்கத்தை இராணுவப் பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. பிறகு எர்னெஸ்தோ ஒரோசா எண்ட வடிவமைப்பாளர் அந்தப் பொருட்களைத் தேடிச் சேர்த்து, அந்தப் போக்குக்குத் "தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை" எண்டு பேர் வைச்சார். அந்த அரசாங்கத்தைப் புகழ எங்களுக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனா எழுதி வைச்சவை. எங்கட தடைக்காலம் பன்னிரண்டு வருசம். எங்கட பட்டறைகளின்ர கைநூல் எங்க?

"வறுமையைக் கொண்டாடுறியள்" எண்டு ஒரு தோழி சொன்னாள். இல்லை. திரும்பவும் தடை வரவேணும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. மூடியில்லாத பெல்ற் விரலைத் தின்னும், ஐயாவின்ர இடக்கையைப் பார்த்தாலே விளங்கும். கணினியில ஓடுற மெசின்கள் வரட்டும், அறிவியல்நகரில பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறது நல்லதுதான். ஆனா 2020இல் வாகன இறக்குமதி நிண்டு, 2022இல் டொலர் இல்லாமல் போன நேரம், வயலில நிண்ட பழைய மெசின்களுக்குப் பாகம் எங்கயிருந்து வந்தது? இப்பிடியான பத்திகளில இருந்தும்தான்.

தேசிய தொழிற்தகைமையில முன்கற்றலை அங்கீகரிக்கிற முறை ஒண்டு இருக்கு. பள்ளிக்கூடம் போகாமல் கையால படிச்சவரைச் சோதிச்சு, என்விகியூ சான்றிதழ் குடுக்கலாம். ஐயாவுக்கு இந்த வயதில சான்றிதழ் எதுக்கு எண்டு கேக்காதேங்கோ. சான்றிதழ் உள்ளவரிட்டத்தான் பெடியள் படிக்க வருவினம். பெட்டையளும் வரவேணும். போருக்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகத் தாங்கின பெண்களுக்குத் தையல் மெசினும் கோழிக்குஞ்சும் குடுத்தினம். இரும்பு வேலை ஏன் அந்தப் பட்டியலில இல்லை?

எங்கட கலைப்பீடத்தில "நினைவு" பற்றி எத்தனையோ ஆய்வுக்கட்டுரை. எல்லாத்திலயும் வலி இருக்கு, இருக்கத்தான் வேணும். அந்த வருசங்களில ஒரு புஸ் எப்பிடிக் கடைஞ்சது எண்டதும் நினைவுதான். அதைக் கேக்க ஒலிப்பதிவும் கொப்பியும் போதும், பொறியியல் படிச்சிருக்கத் தேவையில்லை. விளங்காட்டில் திரும்பக் கேக்கலாம். 63, 80 கணக்கு எங்களுக்கு விளங்க மூன்று தரம் எடுத்தது.

உங்கட வளவிலயோ, அம்மப்பாவின்ர பத்தியிலயோ இப்பிடி ஒண்டு நிண்டால், லொறிக்காரனோட விலை பேச முதல் எங்களுக்குச் சொல்லுங்கோ. நாங்கள் வாங்க மாட்டம், காசில்லை. கொப்பியோட வருவம்.