காட்டேஜ் இருந்த இடத்தில் கேரட் தோட்டம்: உதகை மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

சீசன் நேரத்தில் உதகையின் பெயரை அதிகம் கெடுப்பது போலி காட்டேஜ் முன்பதிவு. சென்ற சீசனில், இரவு பத்து மணிக்குமேல் சேரிங்கிராஸில் குழந்தைகளோடு குளிரில் நின்றது ஒரு வெளியூர்க் குடும்பம். முழு வாடகையும் கட்டியதற்கான ரசீது கையில் இருந்தது. ரசீதில் இருந்த முகவரியில் கேரட் தோட்டம்தான் இருந்தது. அடுத்த சீசன் நெருங்கும் வேளையில், ஊர்க் குடியிருப்பாளர்கள் சிலர் கூடி சக உதகைவாசிகள் முன் வைக்கும் வேண்டுகோள் இது.

மோசடி நடக்கும் விதம் எளிது. நல்ல விடுதி ஒன்றின் படங்களை எடுத்துப் போலி இணையப் பக்கம் தொடங்கப்படுகிறது. சில சமயம் உண்மையான விடுதியின் பெயருக்குக் கீழேயே வேறு ஃபோன் நம்பர் ஏற்றப்படுகிறது. அழைத்தால் மரியாதையான குரல். வாடகையும் மற்ற இடங்களைவிடக் குறைவு. பாதி அட்வான்ஸ் போனதும், “தொகை கணக்கில் ஏறவில்லை, இன்னொரு முறை அனுப்புங்கள், முதலில் வந்தது திரும்பிவிடும்” என்பார்கள். பிறகு பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு ஒன்று வரும். யுபிஐயில் பணம் பெற பின் நம்பரே தேவையில்லை. பின்னைப் போட்டால் பணம் போகும், வராது. படித்தவர்களும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயர் விடுதிக்குச் சம்பந்தமில்லாத தனிநபருடையதா என்று பார்ப்பதும், வீடியோ காலில் அறையைக் காட்டச் சொல்வதும் பெரும்பாலான மோசடிகளை அங்கேயே நிறுத்திவிடும்.

எங்கோ இருக்கும் திருடனை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. ஏமாந்து நிற்கும் குடும்பத்தைச் சூழ்ந்துகொண்டு இரட்டை வாடகைக்கு ரூம் பிடித்துத் தரும் புரோக்கர் இந்த ஊர்க்காரர்தான். உரிமம் இல்லாத வீட்டைத் தினவாடகைக்கு விடுபவரும், கமிஷன் தரும் கடை வாசலில் மட்டும் வண்டியை நிறுத்தும் ஓட்டுநரும் வெளியூரிலிருந்து வரவில்லை. சீசனில் சம்பாதிப்பதை யாரும் குறை சொல்லவில்லை. கைக்குழந்தையோடு நடுத்தெருவில் நிற்பவரிடம் சம்பாதிப்பதைத்தான் சொல்கிறது இந்த வேண்டுகோள்.

உதகைக்கு வரும் வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸும் இப்போது பணம் பறிக்க வழியாகிவிடக்கூடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்தது இது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாட்களில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. பாஸுக்குக் கட்டணம் ஒரு பைசாகூட இல்லை. ‘எடுத்துத் தருகிறோம்’ என்று காசு கேட்பவர் யாரானாலும் ஏமாற்றுக்காரரே. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் வரும் மலைரயில் டிக்கெட்டும் ரயில்வே கவுன்ட்டரிலோ ஐஆர்சிடிசியிலோ வாங்க வேண்டியது.

பணம் போவதைவிட உயிர் போவது பெரிது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை இருக்கிறது. மேப் அதைக் குறுக்குவழி என்று காட்டும். மசினகுடிக்கு வழி கேட்பவரிடம் தலைகுந்தாவிலேயே இதைச் சொல்லி கூடலூர் சாலையில் திருப்பிவிட வேண்டும்.

பணத்தை ஏமாந்தவர் முதலில் அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ, பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. “ஆன்லைனில் போட்டது நீங்கள், நாங்கள் என்ன செய்வது” என்று உள்ளூர்க்காரர் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம். தங்கள் வீட்டின் அல்லது விடுதியின் படம் போலிப் பக்கத்தில் வந்திருப்பதைக் கண்டும் ‘நமக்கென்ன’ என்றிருக்கும் உரிமையாளர்கள் உடனே சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து, அந்தப் பக்கத்தை நீக்கச் சொல்ல வேண்டும். அடுத்த சீசனில் ஏமாந்தவர் கதவைத் தட்டப்போவது அவர்கள் வீட்டில்தான்.