4-3 பெரிசா, 3-4 பெரிசா? கேள்வியை மாத்துங்க

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிக்கிற நம்ம ஆட்கள் எல்லாரும் ரெண்டாவது மாசத்தில் வந்து நிற்கிற கேள்வி இது.

"டாக்டர், 4-3 டிஃபென்ஸ் நல்லதா? 3-4 நல்லதா?"

என் பதில்: அந்தச் சண்டையில் பாதி இன்றைக்குப் பழங்கதை. மீதிப் பாதியை ஒரு மருத்துவனாக நான் வேறு மாதிரி கேட்பேன். எந்த ஃபார்மேஷன், யாருடைய உடம்பில், என்ன வேலை வாங்குகிறது?

நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு மட்டும் நாலு வரி.

ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது தூரத்தில் இருப்பவருக்கு எறியலாம். தடுக்கிற அணி தன் 11 பேரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கிரிக்கெட்டில் கேப்டன் ஃபீல்டு செட் பண்ற மாதிரிதான். ஸ்லிப்பில் ஆளைக் கூட்டினால் பவுண்டரியில் ஓட்டை விழும். இங்கே முன் வரிசையில் ஆளைக் கூட்டினால் பின்னால் ஓட்டை.

4-3 என்றால் முன்னால் கை ஊன்றி நிற்கும் லைன்மேன் நான்கு பேர். அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர் மூன்று பேர். 3-4 என்றால் லைன்மேன் மூன்று, லைன்பேக்கர் நான்கு. இரண்டிலும் கடைசி வரிசையில் நான்கு பேர்: இரண்டு கார்னர்பேக், இரண்டு சேஃப்டி.

ஒரே ஒரு ஆள் கை ஊன்றுகிறாரா, நிற்கிறாரா. இதுக்கா இத்தனை வருஷச் சண்டை?

இல்லை. வேலைப் பங்கீடு வேறு.

1950களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் டாம் லாண்ட்ரி வளர்த்தெடுத்த 4-3-ல், ஒவ்வொருவருக்கும் ஒரு சந்து. எதிரணி வரிசையில் இரண்டு ஆட்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் சந்து என்கிறேன். உன் சந்தை நீ பார், என் சந்தை நான் பார்க்கிறேன். நடுவில் நிற்கும் லைன்பேக்கர்தான் ராஜா. அந்த இடத்தில் சாம் ஹஃப் நின்றார். 1956-ல் சாம்பியன்ஷிப், 47-7.

பழைய பாணி 3-4-ல் முன்னால் ஆள் குறைவு. அதனால் ஒருவரே இரண்டு சந்தைப் பார்க்க வேண்டும். அதுவும் நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள் மேல் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். அவர் அசையக் கூடாது. அவர் அசையாமல் இருந்தால்தான் பின்னால் இருக்கும் நான்கு லைன்பேக்கர்களில் யார் பாய்வார் என்று எதிரணிக்குத் தெரியாமல் இருக்கும். 1981-ல் லாரன்ஸ் டெய்லர் வந்த பிறகு, அந்தப் பாய்கிற ஆள்தான் ஆட்டத்தின் நட்சத்திரம்.

டெய்லரைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கு. நோஸ் டேக்கிளைப் பற்றி?

நியூ இங்கிலாண்ட் பேட்ரியட்ஸின் 3-4-ல் அந்த இடத்தில் நின்ற வின்ஸ் வில்ஃபோர்க்கின் எடை பட்டியலில் 325 பவுண்டு. நம்ம கணக்கில் 147 கிலோ. அந்த ஃபார்மேஷனுக்கு அப்படிப்பட்ட உடம்பு தேவை. கிடைக்கவில்லை என்றால் சாப்பிட வைத்து உருவாக்குவார்கள். கல்லூரியில் 120 கிலோவாக இருந்த பையனை 140-க்குக் கொண்டு போவதை அங்கே "வளர்ச்சி" என்பார்கள். என் கிளினிக்கில் அதற்கு வேறு பெயர்.

இங்கே ஒரு ஆய்வு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, ஆரோக்கியத்துக்கான தேசிய நிறுவனம், 1959 முதல் 1988 வரையிலான காலத்தில் குறைந்தது ஐந்து சீசன் ஆடிய 3,439 என்எஃப்எல் வீரர்களைப் பின்தொடர்ந்தது. 2012-ல் முடிவுகள் வந்தன.

மொத்தமாகப் பார்த்தால் வீரர்கள் பொதுமக்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். ஆச்சரியமில்லை. விளையாட்டு வீரர்கள், புகை பிடிப்பது குறைவு.

ஆனால் டிஃபென்ஸ் லைன்மேன்கள்? இதய நோயால் இறக்கும் வாய்ப்பு அதே வயது பொது ஆண்களைவிட 42% அதிகம்.

அதே வீரர்களை வைத்து இன்னொரு கணக்கு. அல்சைமர், ஏஎல்எஸ் மாதிரி மூளை, நரம்புச் சிதைவு நோய்களால் இறந்தது பொதுமக்களைவிட சுமார் மூன்று மடங்கு. அதில் யார் அதிகம் தெரியுமா? லைன்மேன் இல்லை. ஓடி வந்து மோதுகிறவர்கள். லைன்பேக்கர், சேஃப்டி, கார்னர்பேக், எதிர்ப்பக்கத்தில் ரிசீவர், ரன்னிங் பேக், குவாட்டர்பேக்.

(இந்த இரண்டாவது கணக்கில் இறந்தவர்களின் எண்ணிக்கை சின்னது. மடங்கைப் பிடித்துத் தொங்க வேண்டாம். திசையை மட்டும் பாருங்க.)

அதாவது முன் வரிசை இதயத்தால் விலை கொடுத்தது. பின் வரிசை மூளையால்.

இப்போ 4-3, 3-4 என்ற எண்களைத் திரும்பப் பாருங்கள். அது வெறும் வரைபடமாகத் தெரிகிறதா?

சரி, ரசிகர்கள் அதிகம் கொண்டாடும் டிஃபென்ஸுக்கு வருவோம். சிகாகோ பேர்ஸ், 1985. பட்டி ரையனின் 46.

நாலு லைன்மேன், ஆறு லைன்பேக்கர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லீங்க. டக் பிளாங்க் என்ற சேஃப்டியின் சட்டை எண் 46. அவர் முன்னால் வந்து நின்றதால் அந்தப் பெயர். எட்டு பேர் முன் வரிசைக்குப் பக்கத்தில் நெருக்கி நிற்பார்கள். எங்கிருந்து யார் வருவார் என்று தெரியாது. குவாட்டர்பேக்குக்கு யோசிக்க நேரம் கிடையாது.

பலன்? சீசனில் 15 வெற்றி, 1 தோல்வி. அதற்குப் பிறகு மூன்று நாக்-அவுட் ஆட்டங்களில் விட்டுக்கொடுத்த மொத்தப் புள்ளி 10. சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸ் ஓடி எடுத்தது மொத்தமே 7 யார்டு.

அந்த ஒரு தோல்வியைத்தான் நான் அதிகம் பேசுவேன். டிசம்பர் 2, மயாமி, 38-24. டான் மரினோ என்ன செய்தார்? மூன்றாவது ரிசீவராக நாட் மூரை இறக்கினார்கள். எட்டு பேர் முன்னால் நின்றால் பின்னால் மூன்று பேர்தான். மூன்றாவது ரிசீவரை ஒரு லைன்பேக்கர் துரத்த வேண்டிய நிலை. முடிஞ்சது கதை.

எல்லா அணிகளும் மூன்று ரிசீவரை வழக்கமாக நிறுத்த ஆரம்பித்தபோது 46 முழுநேர வியூகமாக நிற்க முடியவில்லை. 4-3, 3-4 இரண்டுக்கும் அதே கதிதான். ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்து ஐந்தாவது ஆளைப் பின்னால் போட்டார்கள். அதற்குப் பெயர் நிக்கல். அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயம். ஆறாவது ஆளும் வந்தால் டைம், பத்து சென்ட். இரண்டு நிக்கல் ஒரு டைம், அவ்வளவுதான் கணக்கு.

இன்று என்எஃப்எல்லில் அதிகம் காணப்படுவது நிக்கல்தான். அறிவிப்புப் பலகையில் 4-3 என்று போட்டிருந்தாலும் களத்தில் பாதி நேரத்துக்கு மேல் அது இருக்காது. அதனால்தான் பழங்கதை என்றேன்.

46-க்குத் திரும்புகிறேன். அதில் முன்னால் வந்து மோதும் சேஃப்டி இடத்தில் 1985-ல் நின்றவர் டேவ் டூயர்சன். 2011 பிப்ரவரியில், 50 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். சிடிஇ. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு.

உடனே "46 டிஃபென்ஸ்தான் அவரைக் கொன்றது" என்று எழுதாதீங்க. அப்படிச் சொல்ல முடியாது. அவர் 11 சீசன் ஆடினார், அதற்கு முன் கல்லூரி, பள்ளி. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வது மருத்துவமும் இல்லை.

அதே மாதிரி 2017-ல் வந்த "111 என்எஃப்எல் மூளைகளில் 110-ல் சிடிஇ" என்ற செய்தியை வைத்து 99% வீரர்களுக்கு இந்த நோய் என்று சொல்வதும் தப்பு. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் செய்தன. ஆனால் சந்தேகமில்லாத ஒன்று இருக்கு: எத்தனை வருடம், எத்தனை அடி, எவ்வளவு வேகம் என்ற கூட்டுத்தொகை ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. மயங்கி விழுந்த அடி மட்டும் கணக்கு இல்லை. எழுந்து நின்று அடுத்த ஆட்டத்துக்குப் போன அடிகளும் கணக்கில் உண்டு.

அப்போ எனக்குப் பிடித்த டிஃபென்ஸ் எது?

நான்கு பேரை மட்டும் அனுப்பி குவாட்டர்பேக்கை நெருக்குவது. ஏழு பேரைப் பின்னால் வைத்து, ஆளைத் துரத்தாமல் பகுதியைக் காப்பது. பார்க்கிறதுக்கு சாது மாதிரி இருக்கும். டிவியில் "வீரமே இல்லை" என்பார்கள்.

2003 ஜனவரி சூப்பர் பவுலில் டாம்பா பே இப்படித்தான் ஆடியது. ஐந்து பந்துகளைப் பறித்து 48-21. 2014-ல் சியாட்டில், அந்த சீசனில் 606 புள்ளி எடுத்து சாதனை படைத்த டென்வரை 8 புள்ளியில் நிறுத்தியது. 2025-ல் விக் ஃபாஞ்சியோவின் ஃபிலடெல்ஃபியா, நான்கு பேரை வைத்தே பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தி 40-22.

பெரிய மேடையில் ஜெயிக்க எட்டு பேர் பாய வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இது போதும். இதில் காயம் குறைவா என்று கேட்டால், அப்படி நான் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஓடி வரும் சேஃப்டிக்கு வேகம் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. இலவசமான ஃபார்மேஷன் எதுவும் இல்லை.

ஆனால் நிற்கும் இடத்தை மாற்றினால் உடம்பு தப்பிக்குமா? அதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. டிஃபென்ஸில் இல்லை, கிக்ஆஃபில்.

முன்பு கிக் அடித்தவுடன் பத்து பேர் பாதி மைதானம் ஓடிப் போய் எதிரே வருபவர்கள் மேல் மோதுவார்கள். 2024-ல் என்எஃப்எல் அதை மாற்றியது. உதைப்பவரைத் தவிர மற்ற பத்து பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டிலேயே போய் நிற்க வேண்டும். எதிரணித் தடுப்பாளர்கள் 35-லிருந்து. நடுவே ஐந்து யார்டு. பந்து வந்து சேரும் வரை யாரும் அசையக் கூடாது. ஓடி வேகமெடுக்கவே வழியில்லை.

லீக் வெளியிட்ட கணக்கில் மூளை அதிர்ச்சிகள் 2023-ல் 219, 2024-ல் 182. முழுப் பெருமையும் கிக்ஆஃபுக்கு இல்லை, ஹெல்மெட்டும் மாறியது. ஆனாலும் அதே ஆட்கள், அதே எடை, நிற்கும் இடம் மட்டும் வேறு என்று ஒரு லீக்கே முயன்று பார்த்தது பெரிய விஷயம். நாலு பேர் "இது ஃபுட்பாலே இல்லை" என்று அழுதார்கள். அடுத்த வருடம் அதையே நிரந்தரமாக்கினார்கள்.

கடைசியாக, டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டதற்கான பதில். பலருக்கும் பயன்படும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். பையன் பள்ளி அணியில் டிஃபென்ஸ். புது கோச் 3-4-லிருந்து 4-3-க்கு மாறுகிறாராம். இது பாதுகாப்பா?

ஃபார்மேஷனைக் கேட்காதீங்க. மூன்று விஷயம் கேளுங்க.

வாரத்தில் எத்தனை நாள் பயிற்சியில் முழு மோதல்? என்எஃப்எல்லிலேயே 2011 முதல் சீசன் முழுவதற்கும் 14 நாள்தான் அனுமதி. பள்ளியில் வாரம் மூன்று நாள் மோத விட்டால், ஞாயிறு ஆடும் தொழில்முறை வீரரைவிட உங்க பையன் அதிக அடி வாங்குகிறான்.

எடை ஏற்றச் சொன்னார்களா? எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில்? ராத்திரி குறட்டை, பகலில் தூக்கம் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்க. ரத்த அழுத்தமும் பாருங்க. பதினாறு வயசுக்கு பிபி எதுக்கு என்று சிரிக்காதீங்க.

தலையில் அடிபட்டால் அன்றைக்குத் திரும்ப இறக்குவார்களா? "பார்த்துக்கலாம்" என்று கோச் சொன்னால், அன்றைக்கே பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.