பஸ்ஸைத் துரத்தும் இதயம்

சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். ஏறியதும் 'புஸ் புஸ்' என்று மூச்சு வாங்குவார்கள். ஆக்ஸிஜன் பத்தலை என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை சார்! தசைகள் கக்கும் கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றத்தான் முக்கியமாக இந்த அவசரம்.

சும்மா இருக்கையில் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இறைக்கும் இதயம், ஓட்டத்தில் 20 லிட்டர்கூட இறைக்கும்.

ஓடி நின்றதும் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் விஷயம். டிரெட்மில்லில் சோதித்துவிட்டு 1999-ல் அமெரிக்க டாக்டர்கள் சொன்னது: முதல் நிமிஷத்தில் 12-க்கு மேல் குறையாதவர்களுக்கு ஆபத்து அதிகம்.

மருந்து? தினம் அரைமணி வேக நடை. ஆனால், நடக்கையில் நெஞ்சை அழுத்தினால், 'கேஸ்' என்று சோடா குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க... ஓடாமல், ஆட்டோவில்!